குலச்சின்னத்தில் வரும் சிங்கத்துக்கு என்ன பொருள்?

கேள்வி: ஐரோப்பியக் குலச்சின்னங்களில் சிங்கம், கழுகு, காட்டுப்பன்றி, கோட்டை, சிப்பி என்று பலவும் வருகின்றன. 'சிங்கம் என்றால் வீரம், காட்டுப்பன்றி என்றால் விருந்தோம்பல், நீலம் என்றால் விசுவாசம்' என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது. அதை நம்பலாமா? உண்மையில் இவற்றுக்கு என்ன பொருள்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியல்களை நம்ப வேண்டாம். குலச்சின்னங்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் அப்படி ஓர் அகராதி யாரிடமும் இருந்ததில்லை. அதற்காக இந்த உருவங்களை வெறும் அலங்காரம் என்றும் ஒதுக்கிவிட முடியாது. பல சின்னங்களுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. சின்னத்துக்கு உரியவரின் பெயர், அவருடைய தந்தைவழி, அவர் யாருக்குக் கீழ் படை நடத்தினார், என்ன காரியம் செய்து பெயர் வாங்கினார் என்று தேடினால்தான் அது அகப்படும். விலங்கின் குணத்தை வைத்துத் தேடினால் பாதி நேரம் ஏமாந்துதான் போவோம்.

கேடயத்தில் குல அடையாளம் தீட்டும் இந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு ஐரோப்பாவில் பரவியது. ஆரம்பச் சான்றுகளில் ஒன்று ஆஞ்சூ நாட்டுப் பிரபு ஜெஃப்ரியுடையது. இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மருமகன் இவர். மாமனார் இவருக்கு வீரப்பட்டம் கொடுத்தபோது தங்கச் சிங்கங்கள் தீட்டிய கேடயத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார் என்று சில பத்தாண்டுகள் கழித்து ஒரு துறவி எழுதிவைத்தார். ஜெஃப்ரி 1151இல் இறந்தார். அவருடைய சமாதிக்காகச் செய்த எனாமல் தகடு பிரான்சின் லெ மான் நகரில் இன்றும் இருக்கிறது. அதில் அவர் கையிலுள்ள நீலக் கேடயத்தில் தங்கச் சிங்கங்களைப் பார்க்கலாம். அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பி 1226இல் இறந்தார். இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தில் அவருடைய கல்லறைச் சிலை படுத்திருக்கிறது. அந்தச் சிலையின் கேடயத்திலும் அதே நீலம், அதே தங்கச் சிங்கங்கள், ஆறு. பேரன் அதைப் போட்டுக்கொண்டபோது 'நான் வீரன்' என்று சொல்லவில்லை, 'நான் ஜெஃப்ரியின் பேரன்' என்று சொன்னார். குலச்சின்னம் என்ற ஏற்பாட்டின் முதுகெலும்பே இதுதான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்து அணியின் சட்டையிலுள்ள மூன்று சிங்கங்கள் தெரிந்திருக்கும். அவை முதலாம் ரிச்சர்டின் 1198ஆம் ஆண்டு முத்திரையில் இடம்பெற்றவை. மூன்றும் வலது முன்னங்காலைத் தூக்கி நடக்கின்றன, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் சிங்கம் சிவப்பு. பின்னங்கால்களில் எழுந்து நின்று பாய்கிறது. ஹெரால்டுகளுக்கு, அதாவது சின்னங்களைப் பதிந்து காத்த அரசவைக் கட்டியக்காரர்களுக்கு, இந்த நிலைதான் முக்கியம். நிறமும் நிலையும் எண்ணிக்கையும் மாறினால் சின்னமே வேறு, ஆளும் வேறு. நடந்தபடி முகம் திருப்பிய சிங்கத்தைப் பழைய பிரெஞ்சு ஹெரால்டுகள் சிங்கம் என்றே சொல்ல மாட்டார்கள், சிறுத்தை என்பார்கள். அதற்கும் விலங்கியலுக்கும் சம்பந்தம் இல்லை. ஐரோப்பாவில் சிங்கம் எவ்வளவு மலிந்திருந்தது என்றால், 'சின்னம் இல்லாதவன் சிங்கத்தைப் போட்டுக்கொள்வான்' என்று பிரெஞ்சில் ஒரு பழமொழியே உண்டு. இத்தனை பேர் போட்டுக்கொண்ட ஓர் உருவம் ஒருவருடைய தனிக்குணத்தை எப்படிச் சொல்லும்?

அந்தக் காலத்தில் மக்கள் சின்னத்தைப் பற்றி என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த சாட்சி ஒரு வழக்கு. 1385இல் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்தபோது, அவருடைய சேனையிலேயே இரண்டு பேர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலக் கேடயம், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சரிவாக ஒரு தங்கப் பட்டை. ஒருவர் சர் ரிச்சர்ட் ஸ்க்ரோப், மற்றவர் செஷயர் பகுதியைச் சேர்ந்த சர் ராபர்ட் குரோவ்னர். வழக்கு சுமார் ஐந்து ஆண்டுகள் இழுத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். 1386இல் அவர் கொடுத்த வாக்குமூலத்தில், லண்டனின் ஃப்ரைடே தெரு வழியே நடந்தபோது இந்தச் சின்னம் போட்ட ஒரு புதுப் பலகை தொங்கியதையும், 'இது எந்தச் சத்திரம், ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கிறதே?' என்று தாம் விசாரித்ததையும் சொல்கிறார். 'அது ஸ்க்ரோப்புடையது இல்லை ஐயா, குரோவ்னர் என்பவருடையது' என்று பதில் வந்ததாம். குரோவ்னர் என்ற பெயரையே அதற்குமுன் தாம் கேள்விப்பட்டதில்லை என்கிறார் சாசர்.

சாட்சிகளிடம் கேட்டதெல்லாம் இதை யார் போட்டார்கள், எந்தப் போரில் பார்த்தாய், எத்தனை காலமாகத் தெரியும் என்பவைதான். வழக்கு பட்டையின் பொருளைப் பற்றியதே அல்ல, உரிமையைப் பற்றியது. ஸ்க்ரோப் ஜெயித்தார். கேடயத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு வெள்ளிக் கரை போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் குரோவ்னருக்கு ஒரு சமரசம் சொன்னார்கள். அரசர் அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் குரோவ்னர் குடும்பம் நீலத்தில் ஒரு தங்கக் கோதுமைக் கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டது. பட்டியல் அகராதியில் பார்த்தால் கதிர்க்கட்டு என்றால் 'செழிப்பு' என்று இருக்கும். உண்மையில் அது செஸ்டர் நகரப் பிரபுக்களின் சின்னம். அந்த வட்டாரத்தில் பல குடும்பங்கள் கதிர்க்கட்டு வைத்திருப்பதற்குக் காரணம், நாங்கள் செஸ்டரைச் சேர்ந்தவர்கள் என்று காட்டுவதுதான். குரோவ்னர் வழியில் வந்தவர்கள்தான் இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன்கள். இழந்த பட்டையை அவர்கள் மறக்கவே இல்லை. அந்தக் கோமகனின் குதிரை 1880இல் டெர்பி பந்தயத்தில் ஜெயித்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பெண்ட் ஓர்', அதாவது தங்கச் சரிவுப் பட்டை.

சரி, விலங்குகளுக்கு வருவோம். ஒரு கேடயத்தில் விலங்கையோ பொருளையோ பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உரியவரின் பெயரை. பெயரின் ஒலியைப் படமாக வரைவது ஹெரால்ட்ரியில், அதாவது குலச்சின்னக் கலையில், மிகப் பழைய, மிகப் பரவலான வழக்கம். ஸ்பெயினின் கஸ்தீலியா அரசுக்குக் கோட்டை, லெயோன் அரசுக்குச் சிங்கம். இரண்டும் பெயரிலிருந்தே வந்தவை. கிரானடாவுக்கு மாதுளை, ஏனென்றால் ஸ்பானிய மொழியில் மாதுளையும் கிரானடாதான். பெர்ன், பெர்லின் நகரங்களுக்குக் கரடி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆற்றுத்துறையைக் கடக்கும் எருது. லூசி என்ற ஆங்கிலக் குடும்பத்துக்கு லூஸ் எனப்படும் பைக் மீன். இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயார் பிறந்த பவ்ஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும். எலிசபெத்தின் பேத்தி இளவரசி பியாட்ரிஸின் சின்னத்தில் மூன்று தேனீக்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் சின்னம். 1596இல் கவிஞரின் தந்தை ஜானுக்குக் கிடைத்தது. அவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்றவர். தங்க நிறக் கேடயம், அதில் சரிவாகக் கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் வெள்ளி முனையுள்ள தங்க ஈட்டி. கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த ஒரு வல்லூறு, அதன் காலிலும் ஈட்டி. ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் ஈட்டியும் இருக்கிறது, அதை அசைக்கும் செயலும் இருக்கிறது. இதைப் 'போர்க்குணம்' என்று படித்தால் கையுறை வியாபாரியை நாம் கொஞ்சமும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

விலங்கின் குணமே பொருளாக நிற்கும் சின்னங்களும் உண்டு. அவை இடைக்கால விலங்குக் கதைகளிலிருந்து வந்தவை. அந்தக் கதைகள் இயற்கையைப் பார்த்து எழுதியவை அல்ல. தேவாலயத்தில் பாடம் சொல்வதற்காக எழுதியவை. கூழைக்கடா தன் மார்பைக் கொத்திக் கிழித்து, வழியும் ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்று நம்பினார்கள். அது சிலுவையில் ரத்தம் சிந்திய கிறிஸ்துவைக் குறித்தது. 1352இல் கேம்பிரிட்ஜிலும் 1517இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் நிறுவப்பட்ட இரண்டு கல்லூரிகளுக்குமே 'கிறிஸ்துவின் உடல்' என்றுதான் பெயர். இரண்டின் சின்னத்திலும் மார்பைக் கொத்தும் கூழைக்கடா இருக்கிறது. இங்கே பொருளில் துளியும் குழப்பமில்லை. வரைபவர்கள் அந்தப் பறவையை நிஜத்தில் பார்த்திராததால் பெரும்பாலும் அன்னத்துக்கும் கழுகுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றாக வரைந்திருப்பார்கள். கீழே கூடும் குஞ்சுகளும் ரத்தத் துளிகளும் இருந்தால் அது கூழைக்கடாதான்.

கொக்கு ஒற்றைக்காலில் நின்று, தூக்கிய காலில் ஒரு கல்லைப் பிடித்திருந்தால் அது விழிப்பு. தூங்கினால் கல் விழும், சத்தத்தில் விழித்துக்கொள்ளும் என்பது கதை. நெருப்புக்கோழி இரும்பையே தின்று செரிக்கும் என்று நம்பினார்கள். அதனால் அதன் வாயில் குதிரை லாடம் இருக்கும். ஆஸ்திரியாவில் இரும்பு வணிகத்தால் வளர்ந்த லெயோபென் நகரம் அந்த நெருப்புக்கோழியைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. கழுத்தில் தங்கச் சங்கிலியோடு நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரை ஸ்காட்லாந்து அரசர்களுடையது. யாருக்கும் அடங்காத விலங்கு என்று அதைப் பற்றி நம்பினார்கள். 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானபோது, முந்தைய அரசி முதலாம் எலிசபெத்தின் கேடயத்தைத் தாங்கிய வேல்ஸ் டிராகன் விலகி, அந்த இடத்துக்கு ஒற்றைக்கொம்பன் வந்தது. இன்றைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் அட்டையில் சிங்கமும் ஒற்றைக்கொம்பனும் எதிரெதிரே நிற்பது இரண்டு ராஜ்யங்கள் ஒரு தலையின்கீழ் வந்த கதைதான்.

இந்தத் துறையில் என்னை அதிகம் உலுக்குபவை, ஒரு சம்பவத்தை அப்படியே சுமக்கும் சின்னங்கள். டக்ளஸ் குடும்பத்தின் கேடயத்தில் ஒரு சிவப்பு இதயம் இருக்கிறது. அது அன்பைக் குறிக்கவில்லை. ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் 1329இல் இறக்கும்போது தம் இதயத்தைப் புனிதப் போருக்கு எடுத்துப்போகச் சொன்னார். சர் ஜேம்ஸ் டக்ளஸ் அதை ஒரு பேழையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். 1330இல் ஸ்பெயினின் தேபாவில் நடந்த சண்டையில் அவர் இறந்தார். இதயம் ஊர் திரும்பி மெல்ரோஸ் மடத்தில் அடக்கமானது. அதற்குப் பிறகு டக்ளஸ் வாரிசுகள் எல்லோரும் அந்த இதயத்தைக் கேடயத்தில் தாங்கினார்கள்.

1513இல் ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். வென்ற தளபதி தாமஸ் ஹாவர்டுக்கு எட்டாம் ஹென்றி கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஹாவர்டின் பட்டையின் மேல் ஸ்காட்லாந்தின் அதே சிவப்புச் சிங்கம். ஆனால் இடுப்போடு வெட்டிய பாதிச் சிங்கம், வாயில் ஓர் அம்பு பாய்ந்திருக்கும். அங்கே சிங்கம் வீரத்தைச் சொல்லவில்லை, தோற்ற அரசரின் சாவைச் சொல்கிறது.

இன்னொன்று சொல்லக் கசப்பானது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். 1565இல் ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கில மாலுமிக்குச் சின்னம் வழங்கினார்கள். தலைக்கவசத்தின் மேல் நிற்கும் உருவம், கயிற்றால் கட்டிய ஓர் ஆப்பிரிக்க மனிதரின் பாதி உடல். ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துச் சென்று அமெரிக்கக் கரைகளில் விற்றவர். அதைப் பெருமைக்குரிய சாதனையாக அதிகாரபூர்வமாகவே வரைந்துகொடுத்தார்கள். குலச்சின்னங்களை வீரமும் நற்பண்பும் நிறைந்த படங்களாக மட்டும் பார்க்கும் பட்டியல்களை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். அவை இந்த மனிதரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன.

பொருட்களில் சிப்பி ஓரளவு தெளிவானது. ஸ்பெயினின் சந்தியாகோ தெ கம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போனவர்கள் தொப்பியில் குத்திக்கொண்ட அடையாளம் அது. ஆனால் ஒரு குடும்பத்துச் சிப்பியைக் கண்டவுடன் அவர்களின் முன்னோர் யாத்திரை போனார் என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்து வீட்டுச் சிப்பியைப் பார்த்து, உறவைக் காட்டவும் போட்டிருக்கலாம். பிறை, நட்சத்திரம், காலில்லாத சிறு பறவை, வளையம் ஆகியவை சிறியதாக ஓர் ஓரத்தில் இருந்தால், ஆங்கில வழக்கில் அவை முறையே இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் மகனைக் குறிக்கும். மூத்த மகனுக்கு, தந்தை இருக்கும்வரை, மேலே மூன்று பற்கள் தொங்கும் ஒரு பட்டை. இளவரசர் வில்லியமின் சின்னத்தில்கூட அதைப் பார்க்கலாம்.

லில்லி மலர் பிரெஞ்சு மன்னர்களுடையது. 1340இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், பிரெஞ்சு அரியணை தமக்கே உரியது என்று சொல்லித் தம் கேடயத்தை நான்காகப் பிரித்து, அந்த லில்லிகளை முதல் கட்டத்தில் வைத்தார். தம் சிங்கங்களுக்கு அடுத்த கட்டம்தான். அந்த உரிமைக்கோரிக்கை 1801வரை ஆங்கில அரசர்களின் கேடயத்தில் இருந்தது. ஆக, அங்கே லில்லிக்குத் 'தூய்மை' என்று பொருள் சொல்வது வீண். அது ஒரு ராஜ்யத்தின் மேல் போட்ட வழக்கு.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தங்கம், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வைக்கக் கூடாது என்பது விதி. தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம். தங்கத்துக்குச் சூரியனும் புஷ்பராகமும், சிவப்புக்குச் செவ்வாயும் மாணிக்கமும் என்று கிரகங்களோடும் ரத்தினங்களோடும் நற்குணங்களோடும் கோத்துவைத்தவர்கள் பின்னால் வந்த நூலாசிரியர்கள். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டில் அது உச்சத்துக்குப் போனது. இன்றைய இணையப் பட்டியல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் கேடயங்கள் போர்க்களத்தில் முந்நூறு, நானூறு வருடம் சுழன்று முடித்திருந்தன.

அப்புறம், உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய சின்னத்தை எடுத்துத் தருகிறோம் என்று விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மரபில் சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் உரிமை வராது. போலந்தில் பல குடும்பங்கள் ஒரே சின்னத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு, அது தனி மரபு. இங்கிலாந்தில் சின்னங்களை வழங்குவது 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் சாசனம் அளித்த ஹெரால்டுகள் கல்லூரி. இன்றும் லண்டனில் அது இயங்குகிறது. 2011இல் கேட் மிடில்டனின் தந்தைக்கு அங்கே வழங்கிய சின்னத்தில் மூன்று ஓக் விதைகள்: மூன்று பிள்ளைகளுக்காக, அவர்கள் வளர்ந்த பகுதியின் ஓக் மரங்களுக்காக. நடுவில் தங்க நிறக் கூரைப்பட்டை, தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதால். எண்ணூறு வருடத்துக்குப் பின்னும் அதே முறைதான்: பெயர், உறவு, ஊர்.

இந்தியாவுக்கு இந்த வழக்கம் வந்த கதையும் உண்டு. 1877இல் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த டெல்லி தர்பாரில், சமஸ்தான மன்னர்களுக்கு ஐரோப்பிய முறையில் சின்னம் வரைந்த கொடிகளைக் கொடுத்தார்கள். வரைந்தவர் வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி ராபர்ட் டெய்லர். பத்மநாபசுவாமிக்கு அடிமை என்று அரசாண்ட திருவிதாங்கூருக்குச் சங்குதான் சின்னம். அந்தச் சங்கை இன்றைய கேரள அரசின் முத்திரையிலும் இரண்டு யானைகள் காத்து நிற்கின்றன.

சென்னையில் பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் 1808 என்று பொறித்த ஒரு செப்புக்காசு இருக்கும், இருபது காசு மதிப்பு. இங்கிலாந்தில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பியது. அப்படி ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள், அதனால் இன்றைக்கும் மலிவாகவே கிடைக்கிறது. கையில் கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவில் கேடயம், அதில் இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை. இரண்டு பக்கமும் கொடி பிடித்த சிங்கங்கள். அவை இங்கிலாந்து அரசரின் விலங்குகள், காசை வெளியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் கொடுத்த அங்கீகாரம். கீழே லத்தீனில் 'இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில்' என்ற வாசகம். சிலுவையின் இடது மேல் கட்டத்தில் கடுகளவு இன்னொரு கேடயம் இருக்கும். கம்பெனிக்கு 1698இல் வழங்கிய சின்னத்தின்படி அந்தச் சிறு கேடயத்தில் இருக்க வேண்டியவை பிரான்சின் லில்லிகளும் இங்கிலாந்தின் சிங்கங்களும். லண்டனில் அரசர் அந்த லில்லிகளைக் கைவிட்டு அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.